ஸ்கைடைவிங் செலவை ஜம்ப் கணக்கில் போடுங்கள்

பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும் டேண்டம் ஜம்ப் முடிந்து தரையில் உட்கார்ந்தபடியே, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, "இதைத் தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்ள எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நானும் கேட்டேன். பயிற்சியாளர் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "அது உங்கள் கையில்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். பயிற்சிக் கட்டணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். ஏழெட்டு மாதத்தில் என் வங்கிக் கணக்கு என்னைவிட வேகமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போது யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். பண மதிப்பில் எதுவும் சொல்லப் போவதில்லை, அது இடத்துக்கு இடம் மாறும், அடுத்த வருடம் பழசாகிவிடும். அதற்குப் பதில் ஒரே ஓர் அளவுகோல்: ஜம்ப் டிக்கெட். லைசென்ஸ் உள்ள ஒருவர் தன் சொந்தக் கருவியோடு முழு உயரத்துக்கு, அதாவது 13,000 அடி அளவுக்கு, விமானத்தில் ஏறிப் போகக் கொடுக்கும் விலை அது. இனி நான் சொல்லும் எல்லாச் செலவும் 'இத்தனை டிக்கெட்' என்றுதான் வரும். எல்லாம் தோராயக் கணக்குதான், நீங்கள் போகும் இடத்தின் டிக்கெட் விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வது

நீங்கள் கொடுக்கும் டிக்கெட் காசில் பெரும்பகுதி விமானத்துக்குத்தான். சாதாரண விமானங்கள் மேலே ஏறி நெடுநேரம் நிதானமாகப் பறக்கும். ஸ்கைடைவிங் விமானமோ முழு விசையில் ஏறும், ஆட்களை இறக்கிவிட்டதும் சரசரவென்று இறங்கும், மறுபடியும் ஏறும், நாள் முழுக்க இதே வேலை. எரிபொருளும் எஞ்சின் தேய்மானமும் அதற்கேற்ப இருக்கும். செஸ்னா 182 மாதிரியான சின்ன விமானத்தில் நாலைந்து பேர்தான் போக முடியும், 10,000 அடி ஏறவே அரை மணி நேரம் பக்கம் ஆகலாம். ட்வின் ஆட்டர் என்றால் இருபது பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு அதைவிட வேகமாக, அதைவிட உயரத்துக்குப் போகும். இதனால்தான் இரண்டு டிராப் ஜோன்களின், அதாவது ஸ்கைடைவிங் நடக்கும் இடங்களின், டிக்கெட் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். எந்த விமானம், எத்தனை அடி, ஒரு நாளில் எத்தனை தடவை ஏற முடிகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 13,000 அடிக்குப் பதில் 9,000 அடியிலிருந்து குதித்தால் ஃப்ரீஃபாலில், அதாவது பாராசூட் திறக்கும் முன் விழும் நேரத்தில், ஏறத்தாழப் பாதி போய்விடும்.

சரி, டேண்டம் மட்டும் ஏன் ஏழு, எட்டு டிக்கெட் விலை? விமானத்தில் இரண்டு இருக்கை, ஒரு பயிற்சியாளரின் கூலி, இருவரைத் தாங்கும் பெரிய பாராசூட், அதை மடிப்பவர் கூலி. வீடியோ கேட்டால் இன்னொரு இருக்கை. தனியாகக் குதிக்கக் கற்றுக்கொள்வதுதான் உங்கள் ஆசை என்றால் டேண்டம் ஒன்று போதும். "இன்னொரு தடவை டேண்டம் போய்ப் பார்க்கலாம்" என்று மூன்று தடவை போனவர்களைப் பார்த்திருக்கிறேன், அந்தக் காசில் பயிற்சியின் முதல் சில கட்டங்கள் முடிந்திருக்கும்.

பயிற்சிக்கு எவ்வளவு ஒதுக்குவது

இப்போது பெரும்பாலான இடங்களில் ஏ.எஃப்.எஃப். (ஆக்சிலரேட்டட் ஃப்ரீஃபால்) முறைதான், பயிற்சியாளர் கூடவே குதித்துக் கற்றுத்தருவது. தரையில் ஒரு நாள் வகுப்பு, அப்புறம் ஏழெட்டுக் கட்டங்கள். முதல் சில கட்டங்களில் இரண்டு பயிற்சியாளர்கள் உங்களை இருபுறமும் பிடித்துக்கொண்டே குதிப்பார்கள், அதாவது மூன்று இருக்கைக்கும் நீங்கள்தான் காசு கட்டுகிறீர்கள், அதோடு இருவர் கூலி, வாடகைக் கருவி எல்லாம். ஒரு கட்டத்துக்கு ஆறிலிருந்து எட்டு டிக்கெட் வரை ஆவது இதனால்தான். பிந்தைய கட்டங்களில் ஒரே பயிற்சியாளர் என்பதால் கொஞ்சம் குறையும்.

விலைப்பட்டியலில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இந்த ஏழெட்டுக் கட்டங்களின் கட்டணம் மட்டுமாக இருக்கலாம். அதோடு லைசென்ஸ் கிடைக்காது. அமெரிக்கப் பாராசூட் சங்கமான யு.எஸ்.பி.ஏ. கணக்குப்படி முதல் நிலையான ஏ லைசென்ஸுக்குக் குறைந்தது 25 ஜம்ப் வேண்டும். மற்ற நாடுகளில் எண்ணிக்கை மாறும், ஆனால் எங்கேயும் கட்டங்கள் முடிந்த கையோடு உங்களைத் தனியாக விட்டுவிட மாட்டார்கள். மீதி ஜம்ப்களில் சிலவற்றில் கோச் ஒருவர் கூட வருவார், அவர் இருக்கைக்கும் காசு, உங்கள் வாடகைக் கருவிக்கும் காசு. எல்லாம் சேர்த்து லைசென்ஸ் கைக்கு வரும்போது 100 டிக்கெட்டுக்குக் குறையாமல், 130 டிக்கெட் வரை போயிருக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்: இந்தக் கட்டணம் கட்டங்கள் முடியும் வரையா, லைசென்ஸ் வரையா? ஒரு கட்டத்தில் தேறாவிட்டால் மறுபடி செய்ய எவ்வளவு? வாடகைக் கருவியும் மடிக்கிற கூலியும் இதில் அடக்கமா? வானிலை கெட்டு இரண்டு மாதம் வர முடியாமல் போனால் கட்டிய காசு அப்படியே இருக்குமா? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கட்டத்தை மறுபடி செய்வது அவமானம் இல்லை, நிறையப் பேருக்கு நடக்கிற விஷயம். நான் நாலாவது கட்டத்தை இரண்டு தடவை செய்தேன். இதற்காகப் பதினைந்து டிக்கெட் அளவு பணத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், தேவைப்படாவிட்டால் பின்னால் கருவி வாங்க உதவும். எடுத்து வைக்காதவர்களுக்குத்தான் தேறாத ஒரு ஜம்ப் பெரிய இடியாக விழுகிறது. அந்தப் பதற்றத்தோடு மறுபடி ஏறினால் அடுத்ததும் சரியாக வராது.

விண்ட் டன்னல் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கீழிருந்து காற்று அடிக்கும் அந்தக் கூண்டுக்குள் பதினைந்து நிமிடம் பறக்க எட்டு முதல் பத்து டிக்கெட் ஆகும். கேட்டவுடன் தலை சுற்றும். ஆனால் 13,000 அடி ஜம்ப்பில் ஃப்ரீஃபால் ஏறத்தாழ ஒரு நிமிடம்தான், அப்படியானால் டன்னலின் பதினைந்து நிமிடம் என்பது பதினைந்து ஜம்ப்பின் ஃப்ரீஃபால். உடலை வளைத்து நிலையாக நிற்கத் தெரியாமல் கட்டங்களைத் திரும்பத் திரும்பச் செய்வதைவிட, முன்கூட்டியே பத்துப் பதினைந்து நிமிடம் டன்னலில் செலவழிப்பது மலிவு. ஆனால் பாராசூட்டைத் திருப்புவதும் தரையிறங்குவதும் அங்கே கற்றுக்கொள்ள முடியாத சமாச்சாரம்.

ஸ்டாட்டிக் லைன் முறை இன்னும் இருக்கும் இடங்களில் ஒரு ஜம்ப்புக்கு ஆகும் செலவு கணிசமாகக் குறையும், ஏனென்றால் தாழ்வான உயரத்தில் குதிப்பீர்கள், பாராசூட்டை விமானத்தோடு கட்டிய பட்டையே திறந்துவிடும், பயிற்சியாளர் கூடக் குதிக்க வேண்டியதில்லை. படிகள் அதிகம், மெதுவாகத்தான் போகும். பக்கத்தில் வசிப்பவருக்கு இது நல்ல வழி, நெடுந்தொலைவு பயணம் செய்து வருகிறவருக்கு இல்லை.

லைசென்ஸ் வந்தபின் இருக்கும் பள்ளம்

பலர் விழுவது இங்கேதான். இருந்த காசெல்லாம் பயிற்சியில் போயிருக்கும், கருவி வாங்கப் பணம் இருக்காது, வாடகைக் கருவிக்கோ ஒரு ஜம்ப்புக்கு இன்னொரு டிக்கெட் அளவு கேட்பார்கள். ஆக ஒவ்வொரு ஜம்ப்பும் இரட்டை விலை. மாதத்துக்கு ஒன்று என்று குறைப்பார்கள், அப்புறம் இரண்டு மாதத்துக்கு ஒன்று. யு.எஸ்.பி.ஏ. பரிந்துரைப்படி ஏ லைசென்ஸ்காரர் 60 நாள் குதிக்காமல் இருந்தால் மறுபயிற்சியோடு ஒரு ஜம்ப் செய்து காட்ட வேண்டும், அதற்கும் பயிற்சியாளர் இருக்கைக் காசு. இப்படியே நாலைந்து தடவை மறுபயிற்சிக்குக் கொடுத்துவிட்டு விளையாட்டையே விட்டுப்போனவர்கள் என் கூடப் படித்தவர்களிலேயே உண்டு. குறைவாகக் குதித்தால் செலவு மிச்சம் என்று தோன்றும். உண்மையில் அரிதாகக் குதிப்பவர்தான் ஒரு ஜம்ப்புக்கு அதிக விலை கொடுக்கிறார், அதுவும் பயந்துகொண்டே.

அதனால் பயிற்சியை ஆரம்பிக்கும்போதே லைசென்ஸ் வரைக்கும் ஆகும் பணத்தோடு, அதற்குப் பின் நாற்பது ஜம்ப்புக்கு டிக்கெட்டும் வாடகையும் கையில் இருக்குமா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் சேர்த்துவிட்டு ஆரம்பிப்பது உத்தமம். கடன் அட்டையில் தேய்த்து ஆரம்பிக்காதீர்கள், இதை நான் சொந்தப் புத்தியில் சொல்லவில்லை, பட்ட புத்தியில் சொல்கிறேன்.

கருவி வாங்குவது

ஒரு முழு ரிக் என்பது நாலு சாமான்: முதுகில் மாட்டும் ஹார்னஸும் கன்டெய்னரும் சேர்ந்த பை, மெயின் பாராசூட், அது கைகொடுக்காதபோது திறக்கும் ரிசர்வ் பாராசூட், ஏ.ஏ.டி. எனப்படும் தானாக ரிசர்வைத் திறந்துவிடும் கருவி. எல்லாம் புதிதாக வாங்கினால் 300 டிக்கெட் பக்கம், பழசு என்றால் 100 முதல் 160. புதிதாக வருகிறவர் புது ரிக் வாங்கத் தேவையே இல்லை, ஏனென்றால் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் மெயினின் அளவை எப்படியும் மாற்றுவீர்கள். நல்ல பழைய ரிக்கை வாங்கி, நூறு ஜம்ப் குதித்துவிட்டு, அடுத்த புது ஆளுக்குக் கொஞ்சம் குறைத்து விற்றுவிடலாம்.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள், அப்புறம்தான் தேடுங்கள். பொதுவான தொடக்கக் கணக்கு, ஒரு சதுர அடி மெயினுக்கு ஒரு பவுண்டு எடைக்கு மேல் போகக்கூடாது. உங்கள் எடை 75 கிலோ, கருவியும் உடையும் 12 கிலோ என்று வையுங்கள், மொத்தம் 87 கிலோ, ஏறத்தாழ 192 பவுண்டு. அப்படியானால் 190 சதுர அடிக்குக் கீழே பார்க்காதீர்கள், 210 கிடைத்தால் இன்னும் நல்லது. "150 ஒன்று பாதி விலைக்கு வருகிறது" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் இங்கேயும். சின்ன பாராசூட் வேகமாக இறங்கும், தப்பைப் பொறுக்காது. இந்த விளையாட்டில் பெரிய விபத்துகள் நிறைய நடப்பது பாராசூட் திறக்காமல் இல்லை, ஒழுங்காகத் திறந்த பாராசூட்டோடு தரையிறங்கும்போதுதான். உடைந்த கணுக்காலுக்கு ஆகும் செலவை எந்த டிக்கெட் கணக்கிலும் அடக்க முடியாது.

நான் முதலில் வாங்கிய ரிக் அடிமாட்டு விலை. மெயின் நல்ல அளவு, ரிசர்வ் புதுசு மாதிரி, எல்லாம் சரி. ஹார்னஸ் மட்டும் என்னைவிட ஒரு சாண் உயரமானவருக்குத் தைத்தது. திறக்கும்போது மார்புப் பட்டை தொண்டைக்கு ஏறி வந்து நிற்கும். ஹார்னஸை வெட்டித் தைத்துக் குறைக்க ஆன செலவில் நான் பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் போயிற்று, இரண்டு மாதம் குதிக்கவும் இல்லை. பழைய ரிக்கைப் பார்க்கும்போது முதலில் அதை மாட்டிப் பாருங்கள். இறுக்கி, தொங்கவிட்டுப் பாருங்கள்.

அடுத்து, விற்பவரோடு தொடர்பில்லாத, உங்களுக்குத் தெரிந்த ஒரு ரிக்கரிடம், அதாவது பாராசூட்டைச் சோதித்து மடிக்க உரிமம் பெற்றவரிடம், காட்டுங்கள். இரண்டு மூன்று டிக்கெட் ஆகும், மறுபேச்சில்லாமல் கொடுங்கள். அவர் பார்க்கும் சமாச்சாரங்களை நீங்களும் தெரிந்துவைத்திருந்தால் தேடும்போதே பாதியைக் கழித்துவிடலாம். மெயினில் எத்தனை ஜம்ப், கயிறுகள் எப்போது மாற்றியது? கயிறு சில நூறு ஜம்ப்பில் தேய்ந்து, சுருங்கி, மாற்ற வேண்டிவரும், அது பத்துப் பதினைந்து டிக்கெட் செலவு. விலை குறைவாக இருப்பதன் காரணம் பல நேரம் இதுவாகத்தான் இருக்கும். ரிசர்வில் உற்பத்தித் தேதி பாருங்கள். பெர்ஃபார்மன்ஸ் டிசைன்ஸ் ரிசர்வ் என்றால் அதன் மேல் தைத்திருக்கும் பட்டியில் எத்தனை தடவை மடிக்கப்பட்டது என்று கட்டங்களில் குறித்திருக்கும், 40 தடவை மடித்தாலோ 25 தடவை பயன்படுத்தினாலோ நிறுவனத்துக்குச் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

ஏ.ஏ.டி.யில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். புதிது நாற்பது டிக்கெட் ஆகும், ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. விஜில் கருவிக்கு உற்பத்தியிலிருந்து 20 ஆண்டு, இப்போது வரும் சைப்ரஸ் 2 கருவிக்கு பதினைந்தரை ஆண்டு, பழைய சைப்ரஸ்களுக்கு அதைவிடக் குறைவு. ஆகவே விலையை மீதி இருக்கும் வருடங்களால் வகுத்துப் பாருங்கள். "ஏ.ஏ.டி.யோடு சேர்த்து" என்று விற்கும் ரிக்கில் கருவிக்கு எட்டு மாத ஆயுள்தான் மீதி என்றால் அது ஏ.ஏ.டி. இல்லாத ரிக், அந்த விலைதான் கொடுக்க வேண்டும். யானை வாங்கியபின் அங்குசம் வாங்கத் தயங்குவதுபோல, இதைத் தவிர்த்துவிட்டுக் குதிக்கலாமா என்று கணக்குப் போடாதீர்கள். நீங்கள் சுயநினைவு இல்லாமல் ஃப்ரீஃபால் வேகத்தில் 750 அடியைத் தாண்டும்போது உங்களுக்காக ரிசர்வைத் திறக்கக்கூடியது அது ஒன்றுதான்.

ஹெல்மெட், உயரம் காட்டும் ஆல்டிமீட்டர், கண்ணாடி, காதுக்குள் ஒலிக்கும் ஆல்டிமீட்டர், ஜம்ப்சூட் என்று சில்லறைச் சாமான்கள் சேர்ந்து இன்னொரு முப்பது டிக்கெட் வரை போகும். ஹெல்மெட்டும் கை ஆல்டிமீட்டரும் முதலில், மற்றது மெதுவாக. கேமரா வாங்கவே வாங்காதீர்கள், 200 ஜம்ப் ஆகும் வரை கேமராவோடு குதிக்க வேண்டாம் என்பதுதான் யு.எஸ்.பி.ஏ. பரிந்துரை. கை கால்களுக்கிடையே துணி இறக்கை வைத்த விங்சூட்டுக்கும் அதே 200. அதற்குள் மலிவாக வருகிறதே என்று வாங்கி வைத்த விங்சூட் ஒன்று என் நண்பர் அலமாரியில் மூன்று வருடமாகத் தூங்குகிறது.

ஒரு வருடக் கணக்கு

லைசென்ஸ் வாங்கி, பழைய ரிக்கும் வாங்கிய ஒருவர் வருடத்துக்கு 80 ஜம்ப் குதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் 80. ரிசர்வை ரிக்கர் திறந்து சோதித்து மறுபடி மடிப்பது, அமெரிக்க விதிப்படி 180 நாளுக்கு ஒரு முறை, தடவைக்கு மூன்று டிக்கெட், ஆக 6. சங்க உறுப்பினர் கட்டணம் 3. டன்னலோ கோச்சோ கொஞ்சம், 15. பெட்ரோல், தங்குமிடம், வெளிச்சாப்பாடு 30. மொத்தம் 134. அதாவது பத்தில் ஆறு பங்குதான் குதிப்பதற்கே போகிறது.

அந்தக் கடைசி 30-ஐக் கவனியுங்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சில பேருக்கு இங்கே அப்படியே பொருந்தும். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், காற்று அதிகம் என்று நாள் முழுக்க வானத்தையே அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு ஜம்ப்கூட இல்லாமல் திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய. கிளம்புவதற்கு முன் காற்றும் மேகமும் பார்ப்பது, ஒரு நாள் போய் இரண்டு ஜம்ப் என்பதற்குப் பதில் இரண்டு நாள் தங்கி எட்டு ஜம்ப், வண்டியில் இன்னும் இருவரைச் சேர்த்துக்கொள்வது, இவை மூன்றும் எந்தத் தள்ளுபடியைவிடவும் அதிகம் மிச்சப்படுத்தும்.

எங்கே கையை இறுக்கலாம்

பாராசூட்டை நீங்களே மடியுங்கள். மடிப்பவருக்குக் கொடுக்கும் கூலி ஜம்ப்புக்குக் கால் டிக்கெட், 80 ஜம்ப்புக்கு 20 டிக்கெட். ஆரம்பத்தில் ஒரு மெயினை மடிக்க முக்கால் மணி நேரம் ஆகும், வேர்த்து வழியும், பைக்குள் அடங்காமல் வழுக்கி வெளியே வரும், வாயில் நல்ல வார்த்தை வராது. முப்பது நாற்பது தடவைக்குப் பின் கால் மணியில் முடிந்துவிடும். கை பழகியதும் சில இடங்களில் மற்றவர்களுடையதை மடித்துச் சம்பாதிக்கவும் முடியும், மாணவர்கள் பலர் அப்படித்தான் இந்த விளையாட்டில் தாக்குப் பிடிக்கிறார்கள்.

டிக்கெட்டை மொத்தமாக வாங்கினால் விலை குறையும், ஆனால் ஒரே இடத்தில் நூறு டிக்கெட் முன்பணமாகக் கட்டாதீர்கள். எனக்குத் தெரிந்த ஓரிடம் ஒரு நாள் கதவைப் பூட்டியது, வாங்கி வைத்திருந்தவர்கள் கையில் காகிதம்தான் மிச்சம். பத்து, இருபது போதும். 5,000 அடி அளவில் குதித்து உடனே பாராசூட் திறக்கும் தாழ் ஜம்ப்கள் பல இடங்களில் மலிவாகக் கிடைக்கும், பாராசூட் ஓட்டப் பழக இதைவிட நல்லது இல்லை.

பயிற்சியாளராகிவிட்டால் இலவசமாகக் குதிக்கலாமே என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் ஓடும். டேண்டம் பயிற்சியாளர் ஆக யு.எஸ்.பி.ஏ. கேட்பது 500 ஜம்ப், இந்த விளையாட்டில் மூன்று வருடம். அந்த ஐந்நூறும் உங்கள் காசு. அப்புறம் குதிப்பதெல்லாம் வேலை, பக்கத்தில் பயந்து நடுங்கும் ஒருவரோடு, நாளைக்குப் பத்து தடவை. அது பிடித்தவர்கள் செய்யட்டும்.

ரிசர்வ் மடிப்பு, மறுபயிற்சி, ஹெல்மெட், பாராசூட் ஓட்டும் பயிற்சி வகுப்பு, இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் ஆயுள் காப்பீடு, பயணக் காப்பீடு இரண்டிலும் ஆபத்தான விளையாட்டு பற்றி என்ன போட்டிருக்கிறது என்று முதல் ஜம்ப்புக்கு முன்பே படித்துவிடுங்கள். ஸ்கைடைவிங் கிடையாது என்று பொடி எழுத்தில் இருந்தால் தனிக் காப்பீட்டுக்கு ஆகும் தொகையையும் வருடக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எதையாவது முதல் தடவை செய்தால் எல்லோருக்கும் பீர் வாங்கித்தர வேண்டும் என்பது ஸ்கைடைவர்களிடையே எழுதப்படாத சட்டம். முதல் தனி ஜம்ப், முதல் சொந்த ரிக், நூறாவது ஜம்ப், முதல் முறை ரிசர்வ் இழுத்தது என்று முதல் வருடத்தில் பத்துப் பதினைந்து 'முதல்' வந்துவிடும், "இது எனக்கு முதல் தடவை" என்று வாயைத் திறந்து சொன்னாலே மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு ஒரு நாலு டிக்கெட் எழுதிக்கொள்ளுங்கள். ரிசர்வ் இழுத்தால் அதை மடித்துத் தந்த ரிக்கருக்குத் தனியாக ஒரு பாட்டில் வாங்கித்தருவது வழக்கம், அதில் மட்டும் மலிவானதைத் தேடாதீர்கள்.